நிக்கல் தொட்டிக்குள் செம்பு

எனக்குத் தெரிந்து என் மனைவி ஜெபமணி ஒரே ஒரு பொய்தான் சொல்லியிருக்கிறாள். அதையும் நான் பக்கத்தில் நிற்கும்போதே சொன்னாள். எல்லாப் புருஷன்மாரும் இப்படித்தான் நினைத்துக்கொண்டு திரிவார்கள் என்று நீங்கள் சிரிக்கலாம். சிரித்துவிட்டே படியுங்கள். பெண் பார்க்கப் போன அன்று காபித் தட்டை நீட்டிக்கொண்டே அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை, "உங்க சட்டைப் பையில ஈயம் சொட்டி ஓட்டை விழுந்திருக்கு" என்பதுதான். தேனியில் டி.வி. ரிப்பேர் பார்க்கிறவனுக்கு இவ்வளவு உண்மை பேசுகிற பெண் தாங்காது என்று என் அம்மா அன்றே சொன்னாள். நான் கேட்கவில்லை.

கல்யாணம் ஆகிப் பதினோரு வருஷம் ஆகிறது. குழம்பில் உப்பு கூடிவிட்டால், வைத்தது அவளே ஆனாலும், நான் வாயில் வைக்கும் முன்பே சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவள் 2006 நவம்பரில் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் தன் முதலாளி முகத்தைப் பார்த்து, குரல் நடுங்காமல் பொய் சொன்னாள். அது எப்படி வந்தது என்பதை இப்போதாவது எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றுகிறது. அவளிடம் கேட்டேன். எண்களை மட்டும் தப்பாக எழுதிவிடாதீர்கள் என்றாள்.

முதலாளி என்றால் பால்பாண்டி அண்ணன். அல்லிநகரத்தில் நிக்கல், குரோம் முலாம் பூசும் பட்டறை வைத்திருக்கிறார். சுற்று வட்டாரத்து நூல் மில்களின் இரும்புத் தண்டுகளும் உருளைகளும் அங்கே வந்து பளபளவென்று திரும்பிப் போகும். தகரக் கொட்டகை. அதற்குள் நானூறு லிட்டர் நிக்கல் தொட்டி, பக்கத்தில் குரோம் தொட்டி. நிக்கல் தண்ணீர் நல்ல பச்சையாக இருக்கும். மின்சாரத்தின் பிளஸ் பக்கத்தில் நிக்கல் கட்டிகளைத் துணிப் பைகளில் போட்டுத் தொட்டிக்குள் தொங்கவிடுவார்கள். மைனஸ் பக்கத்தில் பூச வேண்டிய இரும்பு தொங்கும். கரண்டை ஓட்டினால் நிக்கல் கரைந்து போய் இரும்பின் மேல் உட்காரும். இவ்வளவுதான் தொழில் என்பார் பால்பாண்டி அண்ணன். ஜெபமணி ஒத்துக்கொள்ள மாட்டாள். அந்தப் பச்சைத் தண்ணீருக்குள் எது எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் கரண்ட் ஓட்டுவது, கண்ணைக் கட்டிக்கொண்டு போடி மெட்டு மலைப்பாதையில் பஸ் ஓட்டுவது மாதிரி என்பாள்.

அவளுடைய வேலை அதைத் தெரிந்து சொல்வதுதான். கொட்டகையின் பின்னால் ஆறடிக்கு எட்டடியில் ஒரு அறை. பட்டறையில் எல்லோருக்கும் அவள் டெஸ்ட்டம்மா.

அவளிடம் ஒரு கருவி இருந்தது. பார்த்தால் நம்பமாட்டீர்கள், பேனா நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் குச்சி. 1996-இல் பி.எஸ்ஸி. வேதியியல் முடித்த கையோடு அவள் வெளியூரில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் தற்காலிக வேலைக்குப் போனாள். கண்ணாடிச் சாமான் கழுவத்தான் எடுத்தார்கள். கழுவியதோடு நிற்காமல், அங்கே அவர்கள் செய்துகொண்டிருந்த நுண் மின்முனை வேலையை ஓரத்தில் நின்று பார்த்தே கற்றுக்கொண்டாள். தலைமுடியைவிட மெல்லிய பிளாட்டினக் கம்பியைக் கண்ணாடிக்குள் உருக்கிப் பதித்து, நுனியை வழவழவென்று தேய்த்துவிடுவது. வெளியே தெரிவது கம்பியின் வெட்டு முகம் மட்டும். அதுவும் வெறும் கண்ணுக்குத் தெரியாது. இரண்டரை வருஷம் கழித்து அவள் கிளம்பும்போது அங்கிருந்த விஞ்ஞானி ஒருவர் சுண்டுவிரல் நீளத்துக்கு அந்தக் கம்பியைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தாராம். கல்யாணம் ஆகி வரும்போது நகை எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. கம்பி மட்டும் பைபிளுக்குள் பத்திரமாக இருந்தது.

கம்பியை மூன்றாக வெட்டி மூன்று மின்முனைகள் செய்தாள். அதில் ஓடுகிற மின்சாரம் எறும்பு கடிக்கிற அளவுகூட இருக்காது. அதை அளக்க நான்தான் ஒரு பெட்டி செய்துகொடுத்தேன். டி.வி. பெட்டிகளுக்கு உள்ளேயிருந்து உருவிய சாமான், ஒன்பது வோல்ட் பேட்டரி, பழைய மீட்டரின் ஊசி. என் கைவேலையில் இது ஒன்றைத்தான் அவள் வாய்விட்டுப் பாராட்டியிருக்கிறாள். தொட்டித் தண்ணீரில் அந்த நுனியை முக்கி, ஒரு வோல்டேஜில் இரண்டு நிமிஷம் வைத்தால் தண்ணீரில் இருக்கிற செம்பு நுனியில் வந்து ஒட்டும். பிறகு வோல்டேஜைத் திருப்பிக்கொண்டே வந்தால் ஓர் இடத்தில் செம்பு கழன்று ஓடும். அந்த நொடி ஊசி துள்ளும். எவ்வளவு துள்ளுகிறதோ அவ்வளவு செம்பு. முனை அத்தனை சிறியது என்பதால் தண்ணீரைக் கலக்க வேண்டாம், கரைக்க வேண்டாம், கோயம்புத்தூருக்கு அனுப்பிவிட்டு ஒரு வாரம் வாய் பார்க்க வேண்டாம்.

செம்பை எதற்குத் தேட வேண்டும் என்றால், நிக்கல் தொட்டிக்கு அது விஷம். பத்து லட்சத்தில் முப்பது பங்கு சேர்ந்தால் போதும், பூசுகிற இரும்பின் மூலைமுடுக்கெல்லாம் கறுத்துவிடும்.

ஆறு வருஷத்தில் இரண்டு மின்முனைகள் உடைந்துபோயின. 2006-இல் மிச்சம் ஒன்றே ஒன்று.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு ஜெபமணி வழக்கம்போலக் காலையில் போய்த் தன் அறையைத் துடைத்துவைத்துவிட்டு, பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு, பூஜை ஆரம்பிக்கும் முன்பே வீட்டுக்கு வந்துவிட்டாள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. அவள் சர்ச்சுக்குப் போகிறவள் என்று எல்லோருக்கும் தெரியும்.

பத்து நாள் கழித்து ஊசி துள்ளியது. செம்பு ஆறு. எப்போதும் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். செம்போ பித்தளையோ அடியில் விழுந்து கிடக்கும் என்று தொட்டியைத் துழாவச் சொன்னாள். துழாவியவர் அம்மாவாசி. பதினோரு வருஷமாக அந்தத் தொட்டியைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான். நாற்பத்தைந்து வயது இருக்கும். தொட்டித் தண்ணீர் சூடாகிவிட்டதா என்று புறங்கையைப் பக்கத்தில் வைத்தே சொல்லிவிடுவார். அடியில் ஒன்றும் இல்லை என்றார். பிளஸ் பக்கத்துப் பைகளையும் பிரித்துப் பார்க்கச் சொன்னாள். மறுநாள், பார்த்துவிட்டேன், அதிலும் ஒன்றும் இல்லை என்றார். பையைப் பிரித்துப் பார்ப்பது உண்மையில் ஜெபமணியின் வேலை. அம்மாவாசி சொன்னால் அப்பீல் இல்லை என்று அவள் விட்டுவிட்டாள்.

எண் பதினாலுக்குப் போனது. தீபாவளிக்கு மூன்று நாள் பட்டறை மூடியது, அந்த மூன்று நாளும் ஏறவில்லை. திறந்த பிறகு மறுபடி ஏறியது. இருபத்திரண்டு, இருபத்தேழு. நவம்பர் எட்டாம் தேதி, புதன்கிழமை, ஒரு மில்லிலிருந்து வேன் நிறையத் தண்டுகள் திரும்பி வந்து இறங்கின. ஒவ்வொன்றின் காடிப் பள்ளத்திலும் கறுப்பு.

பால்பாண்டி அண்ணனுக்குக் கோபம் மூக்கின் மேல்தான் இருக்கும். வேன் கிளம்புவதற்குள் அவர் முடிவுக்கே வந்துவிட்டார். செய்தது அம்மாவாசிதான். அவருக்குக் காரணங்கள் கையிலேயே இருந்தன. செப்டம்பரில் இரண்டு பேருக்கும் பெரிய சண்டை. குரோம் தொட்டியிலிருந்து எழும் புகை அம்மாவாசியின் மூக்கைத் தின்றுகொண்டிருந்தது. நின்ற நிலையில் ரத்தம் சொட்டும். புகையை இழுத்து வெளியே தள்ள ஒரு ஃபேன் வையுங்கள் என்று அவர் கேட்டார். அடுத்த வருஷம் பார்ப்போம் என்று இவர் சொன்னார். டீக்கடையில் அம்மாவாசி, "தொட்டி நாசமாப் போனாத்தேன் இவுகளுக்குப் புத்தி வரும்" என்று சொன்னதை நாலு பேர் கேட்டிருந்தார்கள். அதற்கு மேல், கம்பத்துப் பக்கம் அவர் மாமனாருக்குத் திராட்சைத் தோட்டம். ஞாயிற்றுக்கிழமை தோறும் போய் மருந்தடிப்பார். திராட்சைக்கு அடிக்கிற மருந்தில் மயில்துத்தம் உண்டு. மயில்துத்தம் என்றால் செம்புதான்.

நான் அன்று பெட்டிக்குப் பேட்டரி மாற்ற அங்கே போயிருந்தேன். பால்பாண்டி அண்ணன் ஜெபமணியின் நோட்டை விரித்து மேஜையில் அடித்தார்.

"நீயே எழுதிருக்க பாரு தாயி. தீபாவளிக்கு மூணு நாள் அவன் வரல. மூணு நாளும் ஏறல. வந்தான், ஏறுது. ஒரு கை மயில்துத்தம் மடியில கட்டிட்டு வந்து அப்பப்போ போட்டிருக்கான். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

ஜெபமணியின் முகம் வெளுத்துப்போனது. அவள் எழுதிய எண்கள்தான், ஒன்றும் பொய் இல்லை. அம்மாவாசி கொட்டகை வாசலில் நின்றார். இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நியாயமாகக் கத்த வேண்டிய மனுஷன் இப்படி வாயடைத்து நிற்பது எனக்கே சந்தேகமாக இருந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அவள் நோட்டில் தீபாவளி நாட்களின் மேல் விரலை வைத்தாள். பிறகு, "அந்த மூணு நாளும் கரண்டும் ஓடலண்ணே" என்றாள். "ஆள் வராததால நின்னுச்சா, கரண்ட் ஓடாததால நின்னுச்சான்னு இந்த நோட்டு சொல்லாது. நாளைக்கு அவரை கேட்டுக்கு வெளிய நிறுத்துங்க. யாரும் தொட்டிகிட்ட வராம கரண்டை மட்டும் ஓட்டுவோம். ஏறுதா இல்லையான்னு உங்க கண்ணு முன்னால அளக்கிறேன்."

பால்பாண்டி அண்ணன் யோசித்தார். அவள் சொல்கிற எண்களை அவர் எப்போதும் தட்டியதில்லை. நாளை மத்தியானம் ஒரு மணி வரை பார்ப்பதாகவும், ஏறாவிட்டால் நேரே போலீஸ் ஸ்டேஷன்தான் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் வீட்டில் அவள் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள். ஏறாவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன். ஏறவில்லை என்றுதான் எழுதுவேன் என்றாள். ஒரு மனுஷனை ஜெயிலுக்கு அனுப்பப்போகிற ஊசியை நான் செய்துகொடுத்திருக்கிறேனே என்று எனக்குப் பயமாக இருந்தது. அவளுக்கும் பயம்தான். கை கழுவும்போது, "அந்த நம்பரையெல்லாம் நான்தானே போட்டுக் குடுத்தேன்" என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னாள்.

வியாழக்கிழமை காலையிலிருந்தே தூறல். நான் கடையைத் திறக்கவில்லை. பெட்டி நடுவில் மக்கர் செய்தால் யார் பார்ப்பது? பால்பாண்டி அண்ணன் பிளாஸ்டிக் நாற்காலியைத் தொட்டிக்கு எதிரே போட்டு உட்கார்ந்துவிட்டார். மற்ற ஆட்களுக்கு லீவு. கேட்டுக்கு வெளியே உரச் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அம்மாவாசி குந்தியிருந்தார். வீட்டுக்குப் போகச் சொன்னால் போகமாட்டேன் என்றுவிட்டார்.

மைனஸ் பக்கத்தில் கழித்த தண்டுகளைத் தொங்கவிட்டு, ஒன்பது மணிக்கு ஜெபமணி முதல் அளவு எடுத்தாள். இருபத்தொன்பது. கரண்டைப் போட்டோம். பத்து மணிக்கு முப்பது. பால்பாண்டி அண்ணன் என்னைப் பார்த்தார், நான் அவளைப் பார்த்தேன். ஒன்று கூடுவது கை பிசகினாலும் வரும், கணக்கில் எடுக்க வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். அந்த வாயை அன்றைக்கு மட்டும் கொஞ்சம் மூடிவைத்திருக்கலாம் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

பத்தே முக்காலுக்குக் கரண்ட் போனது. தகரத்தின் மேல் மழைச் சத்தம். பால்பாண்டி அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார். போன நேரத்தையும் சேர்த்துத் தருவீர்களா என்று நான் கேட்டேன். ஒரு மணி என்றால் ஒரு மணிதான் என்றார். திரும்பக் கரண்ட் வரும்போது மணி பதினொன்றரை.

பன்னிரண்டுக்கு அளவெடுக்கப் போகும்போதுதான் அது நடந்தது. தரை ஈரத்தில் ஜெபமணியின் செருப்பு வழுக்கியது. விழவில்லை. ஆனால் கையிலிருந்த கண்ணாடிக் குச்சியின் நுனி தொட்டி விளிம்பில் 'டிக்' என்று பட்டது. அந்தச் சத்தம் எனக்கு இன்னமும் காதில் இருக்கிறது. உடைந்திருந்தால் வேறு கிடையாது, பைபிளுக்குள்ளும் கிடையாது.

அவள் அறைக்குள் போனாள். ஈரத் தேய்ப்புத் தாளில் நுனியை எட்டு எழுதுகிற மாதிரி மெதுவாகத் தேய்த்தாள், கழுவினாள், மறுபடி தேய்த்தாள். செம்பு இவ்வளவுதான் இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்த தண்ணீர் ஒரு சீசாவில் வைத்திருப்பாள். இருபது பங்கு. அதில் முக்கினாள். இரண்டு நிமிஷம். நான் பெட்டியின் குமிழைத் திருகும்போது என் விரல் வேர்த்து வழுக்கியது. ஊசி எழுந்து இருபதில் நின்றது. இன்னொரு தடவை என்றாள். இருபது. மூன்றாவது தடவையும் இருபது. அப்போதுதான் அவள் மூச்சுவிட்டாள்.

பன்னிரண்டே காலுக்கு முப்பத்திரண்டு. ஒரு மணிக்கு முப்பத்து நாலு. அவளே நம்பாமல் மூன்று முறை எடுத்தாள். முப்பத்து நாலு, முப்பத்து மூன்று, முப்பத்து நாலு.

பால்பாண்டி அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து ஊசியைக் குனிந்து பார்த்தார். "ஆளே கிட்ட வராம ஏறுதே" என்றார்.

உள்ளே ஏதோ கிடக்கிறது என்றாள் அவள். கரண்ட் ஓடினால்தான் கரைகிறது என்றால் பிளஸ் பக்கத்தில்தான் கிடக்க வேண்டும், பைகளைப் பிரிக்க வேண்டும் என்றாள். அவர் தலையை ஆட்டினார். தொட்டிக்குக் கரண்ட் கொடுக்கிற ரெக்டிஃபையரை நிறுத்தினேன். கேட்டுப் பக்கம் சத்தம் கேட்டுத் திரும்பினால் அம்மாவாசி உள்ளே வந்துகொண்டிருந்தார். சாக்கு தலையிலிருந்து விழுந்ததுகூடத் தெரியாமல் வந்தார்.

"நான் பிரிக்கிறேன் முதலாளி. டெஸ்ட்டம்மா கையை விட வேணாம்."

"அங்கனயே நில்லுலே" என்றார் பால்பாண்டி அண்ணன். அம்மாவாசி நின்றார். காலையிலிருந்து இல்லாத பயம் அப்போது அவர் முகத்தில் இருந்தது. தப்பிக்கப்போகிற நேரத்தில் இவர் ஏன் இப்படிப் பயப்படுகிறார் என்று எனக்குப் புரியவில்லை.

ஜெபமணி நீள உறை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பையாகக் கட்டவிழ்த்து முழங்கை வரை கையை விட்டுத் துழாவினாள். முதல் பையில் இல்லை. இரண்டு, மூன்று, ஒன்றுமில்லை. அந்த நேரம் பால்பாண்டி அண்ணனின் செல்போன் அடித்தது. மில் மேனேஜர். தகரக் கொட்டகைக்குள் டவர் கிடைக்காது. "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டே கேட்டுக்குப் போனார்.

கிழக்கு ஓரத்துப் பையில் அவள் கை நின்றது. கொக்கியிலிருந்து ஒரு சிவப்பு நூல் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. அதை மெல்ல மேலே இழுத்தாள். பச்சைத் தண்ணீரின் விளிம்புக்குக் கீழே விரல் மொத்தத்தில் ஒரு சுருள் தெரிந்தது. செப்புத் தகடு. நூல் சுற்றி அரக்கு வைத்துச் சுருட்டியது. அரக்கு விட்டுப்போன ஓரம் அரித்துப்போய், பிரிந்த இடத்தில் கட்டமும் எழுத்தும் தெரிந்தன. மந்திரித்த தகடு.

"அதைத் தண்ணிய விட்டு எடுத்துராதீக டெஸ்ட்டம்மா" என்றார் அம்மாவாசி. கிட்டத்தில் வந்து நின்றிருந்தார். குரல் வெளியே கேட்காமல், அவசர அவசரமாகச் சொன்னார். "முதலாளியம்மா குடுத்தாக. முத்துலட்சுமி பாப்பாவுக்கு. ரெண்டு கலைஞ்சுபோயி இது மூணாவது. யாரு வாயும் யாரு காலும் படாத தண்ணிக்குள்ள ஒரு மண்டலம் கிடக்கணுமாம். நடுவுல எடுத்தாலோ, நாங்களா யாருகிட்டயும் சொன்னாலோ பலிக்காதாம். பூசை அன்னைக்குக் கட்டினேன். இன்னும் எட்டு நாளுதேன். நீங்களாத்தேன் கண்டுபிடிச்சீக, நான் சொன்னதாகாது."

முத்துலட்சுமி பால்பாண்டி அண்ணனின் ஒரே மகள். மதுரையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவருடைய மனைவி கஸ்தூரியம்மாள் பட்டறைப் பக்கமே வரமாட்டார். ஆயுத பூஜைக்கு மட்டும் வருவார். நான்கு பேருக்குச் சோறு போடுகிற தொட்டி, யாரும் வாய் வைக்காத தண்ணீர், இதைவிட நல்ல இடம் அவருக்கு எங்கே கிடைக்கும்? அம்மாவாசிக்கும் அது சாமித் தகடு. செம்பு என்றே முதலில் தோன்றவில்லை. ஜெபமணி செம்பைத் தேட ஆரம்பித்த பிறகுதான் அவருக்கு உறைத்திருக்கிறது.

அவள் முகத்தில் கோபம் ஏறியது. அப்படி ஒரு கோபத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"பையைப் பிரிச்சுப் பாத்தேன், ஒண்ணுமில்லன்னு எங்கிட்டச் சொன்னீங்கல்ல?"

"சொன்னேன்."

"இன்னிக்கு ஊசி ஏறாம இருந்தா ஸ்டேஷனுக்குப் போயிருப்பீங்க."

"எட்டு நாள்ல விட்ருவாகள்ல" என்றார் அம்மாவாசி.

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவர் போட்டுவைத்திருந்த கணக்கே அதுதான். யார் ஃபேன் வாங்கித் தராததால் மூக்கில் ரத்தம் வடிகிறதோ, அவர் வீட்டுப் பிள்ளைக்காக. கேட்டுக்கு வெளியே பால்பாண்டி அண்ணன், "சரி சார், சரி சார்" என்று முடித்துக்கொண்டிருந்தார்.

ஜெபமணி கண்ணை ஒரு முறை மூடித் திறந்தாள். "தண்ணிய விட்டு வெளிய வரக் கூடாது. அவ்வளவுதானே?" என்றாள். மாதிரி எடுக்கிற கண்ணாடிக் குவளையை இடது கையால் தொட்டிக்குள் முக்கி, தண்ணீருக்கு உள்ளேயே தகட்டை அதற்குள் விட்டாள். "ஏங்க, கட்டிங் பிளேயர்." என் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும். நூலை வெட்டினேன். குவளை மேலே வந்தது. பச்சைத் தண்ணீரின் அடியில் தகடு இருப்பது, இருக்கிறது என்று தெரிந்தவனுக்கு மட்டும்தான் தெரியும். தகட்டின் மேல் காற்றுகூடப் படவில்லை.

பால்பாண்டி அண்ணன் வந்துவிட்டார். "என்ன கிடைச்சுச்சு?"

"கடைசிப் பையில செம்பு கிடந்துச்சுண்ணே" என்றாள். இதுவரை உண்மை. பிறகு சொன்னாள்: "பழைய கொக்கித் துண்டு. ஒடிஞ்சு உள்ள விழுந்து கரைஞ்சிருக்கு. வாராவாரம் பையைப் பிரிச்சுப் பாக்க வேண்டியது நான். ஆறு வாரமாப் பாக்கல. தப்பு என் மேலதான். அம்மாவாசியை வேலைக்கு விடுங்க."

அவர் காட்டு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. கோபம் அவர் கண்ணை மறைத்துவிட்டது. படித்த பொம்பளை, கண்ணுக்குத் தெரியாத ஊசியை வைத்துக்கொண்டு உலகத்தை அளக்கிறவள், ஒரு பைக்குள் கைவிட்டுப் பார்க்க உடம்பு வணங்கவில்லையா என்று ஆரம்பித்து, வேன் நிறையத் திரும்பி வந்த தண்டுகள் வரைக்கும் வாங்கு வாங்கென்று வாங்கினார். புருஷன்காரன் நான் பக்கத்தில் நிற்கிறேன் என்றுகூடப் பார்க்கவில்லை. பதிலுக்கு வாயைத் திறக்கப்போனேன். அவள் செருப்புக் காலால் என் காலை மிதித்தாள். குவளையைக் கையில் பிடித்தபடி கடைசி வரை கேட்டுக்கொண்டு நின்றாள்.

திட்டி முடித்ததும் அவர் அம்மாவாசியைப் பார்த்தார். மன்னிப்பு கேட்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. "ஏலே, என்ன வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கிற? அந்தக் கழிச்ச கம்பியையெல்லாம் வெளிய எடு" என்றார். அம்மாவாசி எடுக்கப் போனார்.

இரண்டு நாள், நெளித்த தகரத் தகடுகளைத் தொங்கவிட்டுக் கொஞ்சமாகக் கரண்ட் ஓட்டித் தொட்டியிலிருந்த செம்பை இழுத்து எடுத்தார்கள். முப்பத்து நாலு எட்டுக்கு இறங்கியது. ஜெபமணி எல்லாவற்றையும் நோட்டில் எழுதினாள். ஆனால் அந்த வியாழக்கிழமைக்கு நேரே 'காரணம்' என்ற கட்டத்தில் மட்டும் ஒன்றும் எழுதவில்லை. வாயால் சொல்லிவிட்டாள், கையால் எழுத அவளால் முடியவில்லை.

குவளை அவள் அறையில் கிழக்குச் சுவர் அலமாரியில், மேலே கண்ணாடி மூடியுடன் இருந்தது. 'தொடக் கூடாது' என்று ஒட்டியிருந்தாள். அம்மாவாசி தினமும் வேலை முடிந்து போகும்போது வாசலில் நின்று அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார். உள்ளே வரமாட்டார்.

அந்த ஞாயிறு சர்ச்சில் நற்கருணை. எல்லோரும் எழுந்து வரிசையில் போனபோது அவள் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். நான் முழங்கையால் இடித்தேன். "நீங்க போங்க" என்றாள். அடுத்த மாதமும் போகவில்லை. கிறிஸ்துமஸுக்கும் போகவில்லை. ஒரு நல்லதுக்காகச் சொன்னதுதானே என்று நான் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். "நல்லதா கெட்டதான்னு நான் கேக்கல. பொய்யா இல்லையாங்கிறதுதான்" என்றாள். எனக்குச் சர்ச் மேலேயே கோபம் வந்தது.

மண்டலம் நாற்பத்தெட்டு நாளும் முடிந்த அன்று, அம்மாவாசி சொல்லி, கஸ்தூரியம்மாள் வந்தார். அந்த அறைக்குள் அவர் வருவது அதுதான் முதல் தடவை. ஜெபமணி குவளையிலிருந்து தகட்டை எடுத்து, கழுவி, துடைத்து, கையில் கொடுத்தாள். அவர் பிரித்துப் பார்த்தார். முத்துலட்சுமி என்று பொறித்திருந்ததில் முன்பாதி கரைந்துபோய், 'லட்சுமி' மட்டும் மிச்சம் இருந்தது.

"பேரு பாதி போயிருச்சே தாயி. பலிக்குமா?"

ஒரு வார்த்தை, பலிக்கும் என்று சொல்லியிருக்கலாம். என் மனைவி, "எனக்குத் தெரியாதும்மா" என்றாள். இரண்டாவது பொய் அவளிடம் இல்லை. கஸ்தூரியம்மாள் தகட்டை முந்தானையில் முடிந்துகொண்டு போனார். அன்றிலிருந்து இரண்டு மாதத்துக்கு மேல் அவரும் அம்மாவாசியும் ஜெபமணியும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்தார்கள். விஷயம் தெரியாத பால்பாண்டி அண்ணன் ஒருவர்தான் நிம்மதியாக இருந்தார்.

ஜனவரி கடைசியில் மதுரையில் முத்துலட்சுமிக்குப் பெண் குழந்தை பிறந்தது. இரண்டே முக்கால் கிலோ. தாயும் பிள்ளையும் சுகம். கஸ்தூரியம்மாள் அன்றே ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துத் தன் புருஷனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம்.

இரண்டு நாள் கழித்து பால்பாண்டி அண்ணன் பட்டறைக்கு வந்தார். மிட்டாய் டப்பாவை ஜெபமணியின் மேஜையில் வைத்தார். உட்காரவில்லை. சீசாக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு, "அந்த நோட்டை எடு தாயி" என்றார். அவரே புரட்டி நவம்பர் ஒன்பதுக்கு வந்தார். காலியாகக் கிடந்த கட்டத்தைப் பார்த்தார். பேனா கேட்டு வாங்கி, குனிந்து, நாலாம் வகுப்போடு நிறுத்திய எழுத்தில் மெதுவாக எழுதினார்.

'எங்க வீட்டுத் தகடு. அம்மாவாசி மேல தப்பு இல்ல. டெஸ்டம்மா மேல தப்பு இல்ல. பால்பாண்டி.'

பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே போனார். அடுத்த வாரம் குரோம் தொட்டிக்கு மேலே ஃபேன் மாட்ட ஆள் வந்தது. ஒயரிங் நான்தான் செய்தேன். சுவிட்சை முதலில் போட்டது அம்மாவாசி.

பிப்ரவரி முதல் ஞாயிறு நற்கருணைக்கு வரிசை எழுந்தபோது நான் முழங்கையால் இடிக்கவில்லை. அவளே எழுந்து போனாள்.